சிம்மாசனத்தின் எடை

என் அக்காள் புருஷனுக்கு ஊரில் சிம்மாசனம் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் போல வாங்கி வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற பட்டறை அவருடையது. தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெரிய மெஷின், ஒரு சின்ன மெஷின், கழிவை அரைக்க ஓர் அரவை மெஷின், சுவரோரம் மூட்டைகள், கூரையைத் தொடுகிற நாற்காலி அடுக்குகள், நடுவில் அவர். சரக்கு வாங்குவது, பில் போடுவது, போனில் பேசுவது, வருகிறவர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் என் வேலை. அவர் என்னை வாயாடி என்று கூப்பிடுவார். நான் அவரை அத்தான் என்பேன். கோபம் வந்தால் மட்டும் சிம்மாசனம் என்பேன்.

காலையில் வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் உட்காருவது. வேலை செய்யாமல் உட்காருகிறவர்கள் எங்கும் உண்டு. உட்காருவதையே வேலையாக வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். முந்தின நாள் வார்த்து, இரவெல்லாம் ஆறின நாற்காலி ஒன்றை எங்கள் ஆபரேட்டர் கொண்டுவந்து டைல்ஸ் பதித்த மூலையில் போடுவார். கால் வழுக்கி விரிகிறதா என்று பார்ப்பதற்காகத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரும் ஊற்றுவார். அத்தான் முதலில் பூப்போல உட்காருவார். பிறகு இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். பிறகு முன்கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பும்படி பின்னால் சாய்வார். கடைசியில் எழுந்து நின்று பொத்தென்று விழுவார். அவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலி முனகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். எல்லாம் முடிந்ததும் 'ம்' என்பார். அந்த 'ம்' வந்தால் சரக்கு வண்டியேறும். வராவிட்டால் முந்தின நாள் வார்த்தது அத்தனையும் அரவை மெஷினுக்குப் போகும்.

அந்தக் காலத்தில் ஆள் எப்படி இருப்பார் என்றும் சொல்லிவிட வேண்டும். வாசலில் நேராக நுழைய மாட்டார். ஒரு தோளை முன்னால் அனுப்பி, பின்னாலேயே மற்றதை அழைத்துக்கொண்டு வருவார். அவர் உட்கார்ந்து தாங்கின நாற்காலியில் யார் வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். கடைக்காரர்களுக்கு அதற்கு மேல் உத்தரவாதம் தேவைப்படவில்லை. "சிம்மாசனம் உக்காந்துட்டாரா?" என்று கேட்பார்கள். "உக்காந்துட்டார்" என்பேன். வியாபாரம் முடிந்தது.

இந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. இளவயதில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறார். மேசைக்குப் பின்னால் மூன்று பெரிய மனிதர்கள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். நாற்காலியின் பின்கால் விரிந்து மடங்க, மனிதர் மல்லாக்க விழுந்தார். மூன்று பேரும் அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார்கள். வெளியே காத்திருந்தவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை. "வேலை போனாப் போவுது. நாற்காலிய உடைச்சிட்டியேன்னு கேட்டாங்க பாரு. அது என்னக் கவுத்தத ஒருத்தரும் கேக்கல" என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். கூடச் சேர்ந்து நாம் சிரித்தால் முறைப்பார்.

அதற்குப் பிறகு ஓர் அரவைப் பட்டறையில் சேர்ந்து, உடைந்த வாளியும் ஓட்டைக் குடமும் அரைத்து, மெஷின் ஓட்டக் கற்று, மூடின கம்பெனி ஒன்றின் ஏலத்தில் பழைய மெஷினையும் நாற்காலி அச்சையும் எடுத்து, தனியாகத் தொடங்கினார். என் நாற்காலியிலிருந்து ஒருத்தரும் விழக் கூடாது, விழுந்து ஒருத்தரும் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது. அவருடைய கொள்கை அவ்வளவுதான். வேறு கொள்கை எதையும் நான் அவரிடம் பார்த்ததில்லை.

இனி மூட்டைக்குள் இருப்பதைச் சொல்கிறேன். அதைக் குருணை என்போம். பாலிபுரோப்பிலீன் என்பது அதன் முழுப்பெயர். பில்லில் மட்டும்தான் அப்படி எழுதுவோம். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது வருகிற சரக்கிலிருந்து ஒரு வாயுவைப் பிரித்தெடுக்கிறார்கள். பெரிய ஆலைகளில் அந்த வாயுவை வினையூக்கியோடு சேர்த்து அழுத்தினால், அதன் துணுக்குகள் ஒன்றோடு ஒன்று கைகோத்து நீளமான சங்கிலிகளாகிவிடுமாம். உள்ளே வாயுவாகப் போனது வெளியே பொடியாக வரும். பொடியை உருக்கி, இழையாக இழுத்து, நறுக்கினால் குருணை. மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. மூட்டையின் சாக்கையே அதே சரக்கில்தான் நெய்திருப்பார்கள். கயிறு, சாப்பாட்டு டப்பா, பாட்டில் மூடி, காரின் பம்பர், ஊசி போடுகிற குழல், முகத்தில் கட்டுகிற மாஸ்க் எல்லாம் இதுவேதான். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும். தரையில் சிந்திவிட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும்.

விலை இருக்கிறதே, அது வேறு கதை. தங்கத்தின் விலையாவது பேப்பரில் வரும். குருணையின் விலை ஏஜெண்டின் தொண்டையில் வரும். வாரத்தின் முதல் நாள் காலையில் அவருக்குப் போன் போடுவேன். "சொல்லுங்கம்மா" என்று நேராகப் பேசினால் விலை இறக்கம். ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுப் பேசினால் ஏற்றம். எண்ணெய் விலை ஏறினாலும் கனைப்பார், ஏதோ ஓர் ஆலையைப் பராமரிப்புக்காக மூடினாலும் கனைப்பார், கப்பல் தாமதமானாலும் கனைப்பார். ஏறும்போது அன்றைக்கே ஏறும். இறங்கும்போது மட்டும் பழைய சரக்கு தீரட்டும் என்பார். அவருக்குச் சளி பிடித்திருந்த ஒரு மாதம் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

விலை ஏறும்போது எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. சுண்ணாம்பு. கல்லை மாவாக அரைத்து, கொஞ்சம் பிளாஸ்டிக்கில் பிசைந்து, அதையும் குருணையாக்கி விற்பார்கள். குருணையை விட எவ்வளவோ மலிவு. அளவாகக் கலந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, நாற்காலி விறைப்பாக நிற்கும். அளவு மீறினால்தான் வம்பு. நல்ல நாற்காலி பாரம் தாங்காவிட்டால் வளையும், வளைந்து ஆளை எச்சரிக்கும். சுண்ணாம்பு ஏறின நாற்காலி வளையாது, சட்டென்று முறியும். இதில் வேடிக்கை என்னவென்றால், கல் சேரச் சேர நாற்காலி கனக்கும். கடைக்காரர் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கே, அசல் சரக்கு" என்பார். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எவ்வளவு சுண்ணாம்பு போடலாம் என்பதற்கு அத்தானிடம் ஒரே ஓர் அளவுகோல். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார், உட்காருவார். எந்தக் கலவையில் நாற்காலி முனகுகிறதோ அதற்கு முந்தின கலவையில் நிறுத்துவார். தராசும் அவர் உடம்புதான், தீர்ப்பும் அவர் உடம்புதான். இத்தனை வருஷத்தில் அது தவறினதே இல்லை.

அந்த உடம்பைத்தான் டாக்டர் குறைக்கச் சொன்னார். ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் குடியிருந்தன. "இப்படியே போனா உங்க இதயம் ரொம்ப நாள் தாங்காது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அக்கா ராஜ்ஜியம். எண்ணெய்க்கும் இனிப்புக்கும் தடை. சாயங்காலம் நடை. தட்டில் பாதிக்கு மேல் காய்கறி. "நான் என்ன ஆடா?" என்று அத்தான் கேட்டார். "ஆடு சொன்னபடி கேக்கும்" என்றாள் அக்கா.

ஒரு வருஷத்தில் ஆள் கரைந்தார். ஒரேயடியாகக் கரைந்திருந்தால் எல்லோருக்கும் கண்ணில் பட்டிருக்கும். மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால், தினமும் பார்க்கிற எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அக்கா சட்டைகளைப் பிடித்துத் தைத்தாள், பெல்ட்டில் புதுத் துளை போட்டாள். வாசலில் நேராக நுழைய ஆரம்பித்தார். எல்லோருக்கும் சந்தோஷம்தான். எனக்கும்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை.

அதே வருஷம்தான் ஏஜெண்ட் கனைத்துக்கொண்டே இருந்தார். பெரிய ஆலை ஒன்று பழுதாகி நின்றது, கடல் வழியில் ஏதோ தகராறு, கப்பல்கள் சுற்றிக்கொண்டு வந்தன. அதற்குச் சற்று முன்னால்தான் புதிதாகக் கட்டின ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்துக்கு நாற்காலி தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்தோம். எங்கள் வாழ்நாளிலேயே பெரிய ஆர்டர். விலை கையெழுத்தோடு உறைந்துவிட்டது, குருணை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நல்ல கலவையில் செய்தால் ஒவ்வொரு நாற்காலியும் கையைக் கடிக்கும்.

அத்தான் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். சுண்ணாம்பைக் கொஞ்சம் ஏற்றினார், உட்கார்ந்தார், 'ம்' என்றார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அதற்கும் 'ம்'. அடுத்த மாதம் விலை ஏறியது, சுண்ணாம்பும் ஏறியது, நாற்காலி வாயே திறக்கவில்லை. அவருக்கே ஆச்சரியம். "பாத்தியா வாயாடி, கலவை கைக்கு வந்துடுச்சு. இத்தன வருஷம் வீணா நல்ல குருணையக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். அவர் மேல் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை அவருக்கும் அவர் மேல் இருந்தது. நாற்காலி கனத்துக்கொண்டே வந்தது, அத்தான் இளைத்துக்கொண்டே வந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆர்டர் போய்ச் சேர்ந்தது. அதே சரக்கில் நான்கு நாற்காலிகளைப் பெருமையோடு வீட்டுக்கும் கொண்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானின் அக்கா ஊரிலிருந்து வந்தார். என் அக்காவைப் பார்த்து நானும் அவரை அண்ணி என்றே கூப்பிடுவேன். அண்ணியும் அத்தானும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். அதே தோள், அதே நடை, வாசலில் அதே பக்கவாட்டு நுழைவு. வெகுநாள் கழித்து வந்திருந்ததால் தம்பியைப் பார்த்து வாயைப் பிளந்தார். "என்னடா, பாதி ஆளக் காணோம்" என்றார். டீயை வாங்கிக்கொண்டு புது நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரைக் கீழே வைக்கக் கொஞ்சம் சாய்ந்தார். பட்டென்று ஒரு சத்தம். வளைவும் இல்லை, முனகலும் இல்லை. பின்கால் துண்டாகத் தெறித்து அலமாரியில் மோதியது, அண்ணி தரையில் கிடந்தார்.

தூக்கி உட்கார வைத்தோம். முழங்கை வீங்கிவிட்டது. அக்கா ஐஸ் எடுக்க ஓடினாள். அத்தான் அண்ணியைப் பார்க்காமல் உடைந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"அக்கா, நீ ரொம்ப எடை போட்டுட்ட."

"நான் எங்கடா போட்டேன்?" என்றார் அண்ணி, முழங்கையைப் பிடித்தபடி. "எப்பவும் இருக்கற மாதிரிதான் இருக்கேன். போன தடவ பாத்தப்போ நீ என்ன எடை இருந்தியோ, அதுதான் நான். இளைச்சது நீ."

அத்தான் உடைந்த காலை எடுத்தார். முறிந்த இடம் சொரசொரவென்று, வெளுத்து, சாக்கட்டியை உடைத்தது போல இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டிப் பார்த்தார், பின்னால் சாய்ந்தார். நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டில் தொங்குகிற நீளத்தைக் கையால் தடவினார். அவர் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"ஆஸ்பத்திரி" என்றார்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் போனோம். காத்திருப்புக் கூடம் நிறைந்திருந்தது. எங்கே திரும்பினாலும் நாங்கள் மூட்டையில் வாங்குகிற சரக்குதான் கண்ணில் பட்டது. நர்ஸ் கையில் இருந்த ஊசிக் குழல், முகத்து மாஸ்க், மாத்திரை டப்பா, எல்லாம் அதே குருணை. அதிலெல்லாம் ஒருத்தரும் சுண்ணாம்பு போடுவதில்லை. சுண்ணாம்பு போட்டது எங்கள் நாற்காலியில் மட்டும்தான். அதில்தான் வரிசை வரிசையாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தானால் நிற்க முடியவில்லை. நிறைமாதக்காரி ஒருத்தி உட்காரப் போனாள். "அம்மா, அதுல வேணாம்மா, அந்த பெஞ்சுல உக்காருங்க" என்று ஓடினார். அடுத்தாற்போல ஒரு கனத்த மனிதர். "சார், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்றார். "ஏன், நான் உக்காரக் கூடாதா?" என்று அந்த மனிதர் எகிறினார். பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருக்க, அவரை விட்டுவிட்டு இவரை மட்டும் எழுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் நடுவில் புகுந்து சமாதானம் செய்தேன். நான் சமாதானம் செய்வது அபூர்வம்; அதற்குள் அத்தான் அடுத்த கனத்த ஆளைத் தேடிப் போயிருந்தார்.

நிர்வாகி அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். அத்தான் எதையும் மூடி மறைக்கவில்லை. சுண்ணாம்பு, விலை, எல்லாவற்றையும் சொன்னார்.

"டெஸ்ட் எதுவும் பண்ணலயா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பண்ணோம். உக்காந்து பாத்தோம்."

"யாரு?"

"நான்தாங்க."

அவர் அத்தானைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "நீங்களா?" என்றார். கேலியாகக் கூடக் கேட்கவில்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருஷமாகச் சிம்மாசனமாக இருந்தவர் அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டார்.

"ஏற்கெனவே ஒண்ணு உடைஞ்சுது" என்றார் நிர்வாகி அம்மா. மூலையில், பிளாஸ்திரி சுற்றி வைத்த நாற்காலி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. "யாரோ ஒரு பெரிய உடம்புக்காரர். அடி ஒண்ணும் இல்ல. விழுந்த வேகத்துல எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவர் டாக்டரப் பாக்காமலே எழுந்து போயிட்டார்."

"யாருன்னு தெரியுங்களா?"

"பேர் கொடுக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரே."

வெளியே வந்து படியில் உட்கார்ந்த அத்தான் வெகுநேரம் எழவில்லை. விழுந்தவருக்கு என்ன வியாதியோ, எதற்காக வந்தவரோ, இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையாவது மிதிப்பாரோ. அதைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையே நினைத்தேன். என் கண் கலங்கியது. அவருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

அத்தனை நாற்காலிகளையும் திரும்ப எடுத்தோம். மாத முடிவுக்குள் வேறு தந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அதுவே பெரிய மனசு. சின்ன மெஷினை விற்று, உச்ச விலையில் குருணை வாங்கினோம். ஏஜெண்ட் கனைத்தார். "கனைக்காம சொல்லுங்க" என்றேன். பழைய நாற்காலிகளை அரைத்த தூளில் இனி நாற்காலி செய்ய முடியாது. யாரும் உட்காராத பொருளாகத்தான் செய்யலாம். பக்கத்துப் பட்டறைக்காரர் அதை வாங்கிப் பூந்தொட்டி வார்த்தார்.

பழைய நல்ல கலவையில் புது நாற்காலி தயாரானது. காலையில் ஆபரேட்டர் தண்ணீர் ஊற்றி, நாற்காலியைப் போட்டார். அத்தான் உட்கார்ந்தார், ஆட்டினார், சாய்ந்தார், விழுந்தார். 'ம்' வரவில்லை.

"என்ன முதலாளி, முனகுதா?" என்றார் ஆபரேட்டர்.

"இல்ல."

"அப்போ?"

"முனகாதது நாற்காலி நல்லா இருக்கறதாலயா, நான் இளைச்சதாலயான்னு தெரியல."

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. சரக்கு கூரை வரை அடுக்கிக் கிடந்தது, வண்டி வாசலில் நின்றது. "மூட்டையத் தூக்கி நாற்காலி மேல வெச்சுப் பாருங்க அத்தான்" என்றேன். "மூட்டைக்குக் காது இருக்கா?" என்றார். அண்ணியைக் கூப்பிடலாம் என்றார். போன் போட்டால், "உன் நாற்காலிக்கு ஒரு கை குடுத்தது போதும்" என்று அண்ணி வைத்துவிட்டார். ஆபரேட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் உட்கார்ந்தால் நாற்காலிக்கே தெரியாது.

பிறகு ஒரு வாரம் அத்தான் ரொம்ப அமைதியாக இருந்தார். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அக்காவுக்குத்தான் முதலில் வந்தது. சட்டையின் பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவள், மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்கு வந்து அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே கிரீம் பிஸ்கட், கேக், எண்ணெய் ஊறின பொட்டலம். நான் ஆபரேட்டரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"என்ன இது?" என்றாள் அக்கா.

"எடை" என்றார் அத்தான். "பழைய எடை வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும். ஆஸ்பத்திரிக்கு சரக்கு போகணும். அது வரைக்கும்தான். அப்புறம் குறைச்சுக்கறேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர் சொன்னது என் உடம்புக்கு. இதுல உக்காரப் போறவங்க உடம்புக்கு யார் பதில் சொல்றது? அந்த மனுஷன் விழுந்து எழுந்து போயிட்டார். இன்னொருத்தர் விழறதுக்கு என்னால 'ம்' சொல்ல முடியாது."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கூரை பறந்திருக்கும். அவள் இழுப்பறையை மூடினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் இருந்த மூட்டைகளின் மேல் பார்வை நின்றது. பக்கத்தில் போய் அச்சிட்டிருந்த எடையைப் படித்தாள்.

"உங்களுக்கு மொத்தம் எவ்வளவு எறங்குச்சு?"

அத்தான் யோசித்தார். "ஒரு மூட்டை. கொஞ்சம் முன்னப் பின்ன."

"அப்போ அந்த மூட்டைய மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க. காது உங்களுது, பாரம் அதோடது."

பட்டறையில் இத்தனை பேர் இத்தனை நாள் மூட்டைகளின் நடுவில் நடமாடுகிறோம். ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆபரேட்டர் தண்ணீர் ஊற்றினார். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆபரேட்டரும் நானும் மூட்டையைத் தூக்கி அவர் மடியில் இருத்தினோம். குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஆட்டினார். உள்ளே குருணை சரசரவென்று ஓடியது. அது அடங்கும் வரை பொறுத்திருந்து, பின்னால் சாய்ந்தார். முன்கால்கள் கிளம்பின. பின்கால்கள் கொஞ்சம் வளைந்து, அப்படியே நின்றன. சத்தமே இல்லை. அவர் முகம் வெகுநாளைக்குப் பிறகு தெளிந்தது.

இனி பாக்கி, எழுந்து நின்று பொத்தென்று விழுவது. மூட்டையோடு எழப் பார்த்தார். முடியவில்லை. மூச்சை இழுத்து, முழங்காலை ஊன்றி மறுபடி எழுந்தார். பாதி எழுந்தபோது ஒரு முனகல் கேட்டது. நாங்கள் எல்லோரும் நாற்காலியைப் பார்த்தோம். அது நாற்காலி இல்லை. முனகினவர் அத்தான்தான்.

எப்படியோ நின்று, பொத்தென்று விழுந்தார். நாற்காலி தாங்கியது. அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது, மார்பு ஏறி இறங்கியது. மூட்டையை அணைத்தபடி அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவையுமா தூக்கிக்கிட்டு நடந்தேன்?"

"நடந்தீங்க, மாடி ஏறினீங்க, தூங்கினீங்க" என்றாள் அக்கா. "நாற்காலி முனகறது உங்களுக்குக் கேட்டுது. நீங்க முனகறத ராத்திரியெல்லாம் பக்கத்துல படுத்துக்கிட்டு நான்தானே கேட்டேன்."

அத்தான் மூட்டையைத் தாமாகவே மெல்லத் தரையில் இறக்கி வைத்தார். மேசை வரை போய், இழுப்பறையில் இருந்ததை எல்லாம் அள்ளி ஆபரேட்டரின் கையில் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ம்" என்றார். வண்டியில் ஏற்ற ஆரம்பித்தோம்.